கம்பத்தில் மோதாத கார்

கல்முனையிலிருந்து ஒலுவில் வரைக்கும் மணப்பெண்ணுக்கு உடுத்தி அலங்கரிக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் வாயில் வருகிற பெயர் றம்ஸியா. மாப்பிள்ளை முடிவாகுமுன்னரே "றம்ஸியா ராத்தாக்கு அந்தத் திகதி தோதுப்படுமா எண்டு கேட்டுப் பாருங்க" என்று சொல்லும் உம்மாமார் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை சரிவராவிட்டால் இன்னொருவரைப் பார்க்கலாம். றம்ஸியாவுக்கு நாள் இல்லாவிட்டால் கல்யாணத்தைத்தான் தள்ளிப்போட வேண்டும்.

கணவர் மிஹ்லார் கட்டாரில் ஒரு கம்பனியில் ஸ்டோர் பார்க்கிறார். லீவில் வந்தால் தன் வீட்டில் சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திண்டாடிவிட்டுத் திரும்பிப் போவார். வீடு, பிள்ளைகள், தொழில் எல்லாம் றம்ஸியாவின் தலையில். அந்த வெள்ளைக் காரும் அப்படித்தான். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு முந்தானை மடித்தும் தலைத்துணிக்கு ஊசி குத்தியும் சேர்த்த காசில், யாரிடமும் கைநீட்டாமல் வாங்கின கார். பெரிய கார் இல்லை. இரண்டு சூட்கேசும் ஒரு கண்ணாடியும் வைத்தால் நிறைந்துவிடும்.

சாரதிப் பரீட்சையில் அவள் முதல் தரமே தேறினாள். அவளுடைய தம்பி பஸால் மூன்றாம் தரம்தான் தேறினான். ஆனால் அந்தக் குடும்பத்தில் வாகனம் ஓடத் தெரிந்த ஆள் யாரென்று கேட்டால் எல்லாரும் பஸாலைத்தான் காட்டுவார்கள். பெண்கள் ஸ்கூட்டி ஓடுவதை ஊர் எப்போதோ விழுங்கிவிட்டது. காரைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறது. வரிப்பத்தான்சேனை றோட்டில் உழவு மெஷினுக்குப் பின்னால் அவள் பொறுமையாகப் போனால் "பயந்து ஓடுறா" என்பார்கள். முந்திக்கொண்டு போனால் "பேய் ஓட்டம் ஓடுறா" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருப்பதாக ஊருக்குத் தெரியாது.

அந்த வியாழக்கிழமை அவள் ஓடவே இல்லை. கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடைக்கு முன்னால் காரை ஒழுங்காக ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, உள்ளே போய் முத்து ஊசி தெரிவுசெய்துகொண்டிருந்தாள். வெளியே பெரிய சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால், பக்கத்து ஒழுங்கையிலிருந்து பின்பக்கமாக வந்த ஒரு டபள் கெப் வண்டி, அவளுடைய காரின் இடப்பக்கக் கதவுகள் இரண்டையும் உள்ளே தள்ளிவிட்டு நின்றது. கெப்பின் பின்னால் பூட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதிலிருந்து அப்துல் ஸமட் ஹாஜியார் இறங்கினார்.

ஹாஜியார் யாரென்று சொல்லவேண்டும். அரிசி ஆலை வைத்திருப்பவர், பள்ளிவாசல் நிருவாகத்தில் தலைவர். வேலிச் சண்டை, வயல் சண்டை, மாமி மருமகள் சண்டை எதுவானாலும் அவர் வந்து நடுவில் உட்கார்ந்தால்தான் தீரும். அவரே சண்டையில் ஒரு பக்கமாகிவிட்டால் நடுவில் உட்காருவது யார் என்று ஊர் அதுவரை யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால் அன்றும் அவரே நடுவில் நின்றார்.

கூட்டம் கூடியது. எங்கள் ஊரில் பொலிஸ் வருமுன் பெரிய மனிசர் வந்துவிடுவார்கள். புடவைக்கடை முதலாளி சரீப் முதலில் வாயைத் திறந்தார்.

"புள்ள, ஊட்டுல ஆம்புளயள் ஆரும் இரிக்காங்களா?"

"கார் என்ட," என்றாள் றம்ஸியா.

"அது தெரியும். ஆம்புளயள் ஆரு?"

பஸாலுக்குப் போன் போனது. அவன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். காரைப் பார்க்கவில்லை, ராத்தாவையும் பார்க்கவில்லை. ஹாஜியாரைத்தான் பார்த்தான். ஹாஜியார் இரண்டு கையாலும் அவனுடைய கையைப் பிடித்து ஸலாம் சொன்னார்.

"தம்பி, அல்லாஹ்ட நாட்டம், இப்பிடி நடந்திட்டு. மாப்புச் செஞ்சிக்கங்க."

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது. எங்களிடம் மாப்பு, அதாவது மன்னிப்பு, ஒருபக்கமாகப் போவதில்லை. ஒருவர் மாப்புக் கேட்டால், கேட்கப்பட்டவர் அதைவிடப் பணிவாகத் திருப்பிக் கேட்கவேண்டும். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடுவீடாகப் போய் மாப்புக் கேட்பார். வீட்டுக்காரரும் "நீங்கதான் எங்களுக்கு மாப்புத் தரணும்" என்று கண்கலங்குவார். இருவரும் அதற்குமுன் ஒரு வார்த்தை கதைத்திருக்கமாட்டார்கள். பெரியவர் ஒருவர் மாப்புக் கேட்டு, சின்னவன் "சரி, தந்தன்" என்று மட்டும் சொன்னால், அவனை வளர்த்தவர்களுக்குத்தான் ஏச்சு விழும். பஸால் நன்றாக வளர்க்கப்பட்டவன்.

"ஐயோ ஹாஜியார், நீங்க போய் எங்கக்கிட்டக் கேக்கிறயா? நாங்கதான் மாப்புக் கேக்கணும். விளங்காம இந்த இடத்துல காரக் கொண்டு வெச்சிட்டம். மனசுல ஒண்டும் வெச்சிக்காதீங்க."

இருவரும் கட்டிப்பிடித்தார்கள். கூட்டத்தில் ஒருவர் பஸாலின் பேச்சிலிருந்து அதை அப்படியே வீடியோ எடுத்து, "இதுதான் நம்ம ஊர் ஒற்றுமை" என்று தலைப்புப் போட்டு ஃபேஸ்புக்கில் விட்டார். வீடியோவில் காரும் கெப்பும் பதியவில்லை; ஓரத்தில் கையில் ஊசிப் பெட்டியோடு றம்ஸியா தெரிகிறாள். யாரோ கடைக்கு வந்த பெண் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஹாஜியார் கெப்பில் ஏறிப் போய்விட்டார்.

இன்சூரன்ஸ்காரர் வரும்வரை வாகனத்தை அசைக்கக்கூடாது என்று றம்ஸியாவுக்குத் தெரியும். அவள் கோல் எடுத்துச் சொல்லிவிட்டு, காரைப் பூட்டாமலே தண்ணீர் குடிக்கக் கடைக்குள் போனாள். திரும்பி வருவதற்குள் ஊரின் நல்ல மனது வேலை செய்துவிட்டது. ராத்தாவின் கார் அந்த ஒழுங்கை வாசலில் நின்றால் இன்னொருத்தன் வந்து அடிப்பான் என்று இளைஞர்கள் சேர்ந்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிக் காரைத் தள்ளிக்கொண்டுபோய், கொஞ்சம் முன்னால் இருந்த கரண்டுக் கம்பத்தோடு ஒட்டி நிறுத்திவிட்டார்கள். உடைந்த பக்கம் பார்க்க அசிங்கமாக இருந்ததால் அந்தப் பக்கத்தைக் கம்பத்தோடு சேர்த்து மறைத்து வைத்தார்கள். ஒரு பெண்பிள்ளையின் காருக்கு அவர்களால் முடிந்த மரியாதை அது. ஒருவன் நெக்டோ சோடாப் போத்தல் ஒன்றும் வாங்கிக் கொடுத்தான்.

இன்சூரன்ஸ்காரர் ஹெல்மட்டைக் கழற்றாமலே கம்பத்தைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். பிறகு றம்ஸியாவைப் பார்த்தார்.

"எப்பிடி மிஸ் இதுல போய் அடிச்சீங்க?"

"நான் அடிக்கல்ல. கெப் ஒண்டு வந்து அடிச்ச."

"கெப் எங்க?"

"போயிட்டு."

அவர் போனை வெளியே எடுத்தார். கம்பமும் காருமாகப் பல கோணங்களில் படம் எடுத்தார். எல்லாப் படத்திலும் கம்பம் நன்றாகப் பதிந்திருந்தது.

அடுத்த கிழமை இன்சூரன்ஸ் கிளையில் அந்தப் படங்களை அவளுக்கு முன்னால் விரித்தவன் நிரோசன். கல்முனைத் தமிழ்ப் பொடியன், நல்ல மரியாதை தெரிந்தவன். ஏசவும் வராது, உதவவும் முடியாது என்ற கதிரையில் அவனை உட்காரவைத்திருந்தார்கள்.

"அக்கா, படத்தில கம்பம் இருக்கு. கெப் இல்ல."

"தம்பி, கம்பம் வருசக்கணக்கா அங்கதான் நிக்கிது."

"அதத்தான் நானும் சொல்றன். கம்பம் நிக்கிது. கெப் நிக்கல்ல."

"கம்பத்துல கார் அடிச்சா கம்பத்துல ஒரு கீறலாவது வராதா? பாருங்க, வெள்ளையா நிக்கிது."

நிரோசன் படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தான். "நல்ல கட்டான கம்பம் போல அக்கா," என்றான்.

கடைக் கமராவைப் பார்க்கச் சொன்னாள். அதையும் அவர்கள் விசாரித்திருந்தார்கள். சரீபின் கடைவாசலில் மாட்டியிருந்தது வெறும் கூடு, உள்ளே ஒன்றும் இல்லை. கள்ளனைப் பயமுறுத்தத்தான் அது, பிடிக்க இல்லையாம். பிறகு நிரோசன் தன் போனில் அந்த ஒற்றுமை வீடியோவைப் போட்டுக் காட்டினான். தலைமைக் காரியாலயத்திலும் பார்த்துவிட்டார்கள் என்றான். "விளங்காம இந்த இடத்துல காரக் கொண்டு வெச்சிட்டம்" என்று பஸால் தெளிவாகச் சொன்னான். சத்தம் நன்றாகப் பதிவாகியிருந்தது.

"இதில மாப்புக் கேக்கிறவர் உங்கட தம்பிதானே?"

"அது எங்கட ஆக்கள்ற வழக்கம். கேட்டாத் திருப்பிக் கேக்கணும்."

"எனக்கு விளங்குது அக்கா. கொழும்பில இருக்கிறவருக்கு விளங்காது." அவன் குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. உங்கட இன்சூரன்ஸ் முழுக் காப்புறுதி. நீங்கதான் கம்பத்தில அடிச்ச எண்டு எழுதித் தந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. படமும் பொருந்துது. கெதியா முடிச்சித் தருவாங்க. கெப்தான் அடிச்ச எண்டு நீங்க நிண்டா, கண்ட ஒராள் எழுதிக் கையெழுத்து வெச்சித் தரணும். ஆணோ பெண்ணோ ஆராயிருந்தாலும் சரி. இல்லாட்டி பொய்க் கோரிக்கை எண்டு நிராகரிப்பாங்க."

 பொய் எழுதினால் பணம் வரும். உண்மை எழுதினால் பொய்க்காரி என்பார்கள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சாட்சி எழுதும் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பொலிசுக்கும் போனாள். அங்கிருந்த சார்ஜன்ட்டும் வீடியோவை ஏற்கனவே பார்த்திருந்தார். லைக்கும் போட்டிருந்தார். "நல்ல மனிசர் ரெண்டு பேரும் சமாதானமாகிட்டாங்கதானே தங்கச்சி, நீங்க ஏன் குழப்புறீங்க?" என்றார். சமாதானமானவர்களில் தான் இல்லை என்று றம்ஸியா சொன்னாள். அவர் முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு, அதற்குக் கீழே "இரு தரப்பும் இணங்கினர்" என்றும் எழுதினார்.

இதற்கிடையில் கார் வீட்டு முற்றத்தில் தறப்பாள் போர்த்திக் கிடந்தது. அதை விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நோயாளியைப் பார்க்க வருவதுபோல் பிஸ்கட் பக்கட்டும் வாழைப்பழமுமாக வந்தார்கள். அவளுடைய வாப்பாவுக்கு ஒப்பரேஷன் நடந்தபோதுகூட இவ்வளவு கூட்டம் வரவில்லை. ஒவ்வொருவரும் தறப்பாளைத் தூக்கிப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, முன் மண்டபத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி, அன்று தான் கண்ணால் கண்டதை விவரிப்பார்கள். கெப் எந்த வேகத்தில் வந்தது, கதவு எப்படி நெளிந்தது, ஹாஜியார் இறங்கும்போது சாரனைச் சரிசெய்தது வரைக்கும் சொல்வார்கள். றம்ஸியா மெதுவாகத் தாளை எடுப்பாள். உடனே கண்பார்வை மங்கிவிடும்.

"நான் சத்தம் கேட்டுத்தான் திரும்பின," என்பார் ஒருவர். "அந்த நேரம் நான் வுளூ எடுக்கப் போயிருந்தன்," என்பார் இன்னொருவர். அன்று அந்த நேரம் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்ன அத்தனை பேரும் உண்மையில் போயிருந்தால், பள்ளிவாசல் தாங்கியில் தண்ணீர் மிஞ்சியிருக்காது. சரீப் மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "நான் கண்டன் புள்ள. ஆனா என்ட கடை ஹாஜியார்ட கட்டடத்துலதானே இரிக்கி." அந்த நேர்மைக்காக றம்ஸியா அவருக்கு இன்னொரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்குள்ளும் அமைதி இல்லை. கட்டாரிலிருந்து மிஹ்லார் "காரே வேணாம், இருக்கிற மாதிரியே வித்துப்போடு" என்றார். பஸால் கம்பத்தின் பக்கம் சேர்ந்துவிட்டான்.

"ராத்தா, கம்பத்துல அடிச்ச எண்டு எழுதினா முடிஞ்சிதானே. அது முழுப் பொய்யும் இல்ல. கார் கம்பத்தோடதானே நிண்ட?"

"நான் நிப்பாட்டி வெச்ச காரடா அது. நான் உள்ளுக்கு ஊசி வாங்கிட்டு இருந்தன்."

"அது எங்களுக்குத் தெரியும்தானே. தாளுல என்ன இருந்தா என்ன?"

தாளில் என்ன இருந்தால் என்ன என்று கேட்பவனுக்கு அவள் எப்படி விளக்குவாள்? ஸ்டேரிங்கைப் பிடித்த நாளிலிருந்து ஊர் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் எங்காவது ஒரு இடத்தில் அடிக்கவேண்டும், "நாங்க அப்பவே சொன்னம்" என்று சொல்லவேண்டும். அவள் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், கதவு புதிதாகும். ஆனால் அசையாமல் நின்ற கம்பத்தில் போய் அடித்தவள் என்ற பெயர், அவள் மையத்தாகி மண்ணுக்குள் போகும்வரை கூடவே வரும். அவளுக்குப் பின்னால் சாரதிப் பயிற்சிக்குப் போக நினைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் "றம்ஸியாவப் பாத்தியா" என்று சொல்லிக் காட்டுவார்கள். அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. கல்யாணக் காலம் வேறு. பாலமுனைக்கும் ஒலுவிலுக்கும் ஆட்டோவில் சூட்கேஸ்களை ஏற்றி இறக்கி இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் கம்பத்துக்கு அவள் கையெழுத்து வைக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் ஹாஜியாரே வந்தார். முந்திரிகைப் பழமும், பெரிய பால்மா டின் ஒன்றும் கொண்டுவந்தார். கதிரையில் உட்கார்ந்து, பழப் பையை மேசையில் வைத்து, கனிவாகச் சொன்னார்:

"புள்ள, நீங்க பொலிசுக்குப் போனதயும் கேள்விப்பட்டன். நான் மனசுல ஒண்டும் வெச்சிக்கல்ல. உங்களுக்கு மாப்புத் தந்திட்டன்."

றம்ஸியாவுக்கு ஒரு கணம் யார் யாருடைய காரை அடித்தது என்பதே மறந்துபோனது.

"எனக்கு மாப்பு வேணாம் ஹாஜியார். 'நான்தான் அடிச்ச' எண்டு ஒரு வசனம் எழுதித் தாங்க. உங்கட சல்லி ஒரு சதம் வேணாம். இன்சூரன்ஸ் குடுக்கும்."

ஹாஜியாரின் முகம் சுருங்கியது. நெல்லில் கல் இருந்தால் அது வயலின் பிழை. ஆலை நின்றால் கரண்டின் பிழை. 'பிழை' என்ற சொல்லைத் தன் பெயரோடு சேர்த்து அவர் இதுவரை உச்சரித்ததில்லை, வாய்க்குப் பழக்கமும் இல்லை.

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம் புள்ள. ஆரு அடிச்ச, ஆரு பட்ட எண்டு நாம எழுதுறது சரியா? நீங்க கம்பம் எண்டு போடுங்க. கம்பத்துக்கு மானம் மரியாதை இல்லதானே. எனக்கு வாற ஞாயிறு மகள்ற கலியாணம். ஊருல ஒரு தலைவன் பொலிஸ், இன்சூரன்ஸ் எண்டு இழுபடலாமா?"

"எனக்கும் மானம் மரியாதை இரிக்கி ஹாஜியார்."

"ஆரு இல்லெண்ட? பொம்புளயள் எண்டா அப்பிடி இப்பிடி அடிபடத்தான் செய்யும், ஊரு பெரிசா எடுக்காது." அவர் எழுந்தார். "நஜ்லாவ உடுத்த நீங்கதான் வாறீங்க. அதுல மாத்தம் இல்ல. என்ட மகளுக்கு வேற ஆரும் சரிவராது."

கோபத்தில் அந்தக் கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்று சொல்லத்தான் றம்ஸியாவுக்கு வாய் வந்தது. ஆனால் நஜ்லாவுக்கு வாக்குக் கொடுத்தது நோன்புக்கு முன்பு. கதவை உடைத்தது வாப்பா, மகள் இல்லை. போனாள்.

நஜ்லாவுக்கென்று ஹாஜியார் கட்டிய புது மாடிவீட்டில்தான் கல்யாணம். கீழே ஆண்கள், மேலே பெண்கள், பின்வளவில் பிரியாணிச் சட்டிகள். மணப்பெண் அறையில் நஜ்லாவும் றம்ஸியாவும் மட்டும். நஜ்லாவின் உம்மா ஹாஜறா வாசலில் நின்று பெண்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். நஜ்லா அமைதியான பிள்ளை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துவிட்டு, வேலைக்குப் போகலாமா என்று கேட்ட கிழமையே கல்யாணம் பேசப்பட்டவள். றம்ஸியா அவளுடைய கண்ணுக்கு மை தீட்டினாள்.

"ராத்தா, உங்கட கார் இப்ப எப்பிடி?"

"கண்ணத் துறக்காதீங்க மகள். காயட்டும்."

"நான் அண்டைக்கு முன் சீட்டுலதான் இருந்தன்."

றம்ஸியாவின் கை அந்தரத்தில் நின்றது. "எங்க?"

"எங்கட கெப்புலதான். வாப்பா சமையல்காரனோட போன்ல சண்ட. இத்தின சகன் சாப்பாட்டுக்கு இந்த இறைச்சி காணாது எண்டு அவன், காணும் எண்டு இவர். ஒரு கையில போன், ஒரு கையில ஸ்டேரிங். நான் 'வாப்பா, பின்னுக்குக் கார், பின்னுக்குக் கார்' எண்டு கத்தினன். 'ஆம்புளயள் கதைக்கக்குள்ள சும்மா இரி' எண்டாரு. அதுக்குள்ள சத்தம் கேட்டுட்டு." கண்ணை மூடியபடியே அவள் சொல்லிக்கொண்டு போனாள். "கண்ணாடி கறுப்புத்தானே ராத்தா, வெளியில ஒருத்தருக்கும் என்னத் தெரியா. இறங்காத எண்டு வாப்பா சொல்லிட்டுப் போனாரு. பொறகு ஆரும் என்னக் கேக்கவும் இல்ல."

ஊரெல்லாம் சாட்சி தேடி அலைந்தவளுக்கு முன்னால், சாட்சி மையிட்ட கண்ணோடு உட்கார்ந்திருந்தது. கைப்பை எட்டும் தூரத்தில்தான் இருந்தது, தாளும் அதற்குள்தான் இருந்தது. ஆனால் றம்ஸியா கைப்பையைத் தொடவில்லை. ஒரு பிள்ளையின் கல்யாண நாளில், அவளுடைய வாப்பாவுக்கு எதிராக அவளிடமே எழுதி வாங்குவதா? அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஊசியை எடுத்துத் தலைத்துணியின் மடிப்பைச் சரிசெய்தாள்.

நஜ்லா விடவில்லை. "கண்ட ஒராள் உங்கட தாளுல எழுதிக் குடுத்தா உங்கட பிரச்சினை முடிஞ்சிரும் எண்டு உம்மா கதைச்சிட்டு இருந்தாங்க. மெய்யா?"

"மெய்தான். ஆனா அது உங்களுக்கு வேணாம் மகள். இண்டைக்கு ஒண்டும் வேணாம்."

அப்போது கதவு தட்டப்பட்டது. ஹாஜியாரும், சாட்சிக்காக இரண்டு பெரியவர்களும் வாசலில் வந்து நின்றார்கள். கீழே பதிவுகாரர் எழுதத் தயாராக இருந்தார். மகளின் சம்மதம் கேட்கவேண்டும். ஹாஜியார் புதுச் சாரனும் தொப்பியுமாக, கண்கலங்கி நின்றார். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை என்று றம்ஸியாவுக்கே தெரிந்தது.

"மகள், மீராலெவ்வைட மகன் இர்ஸாதுக்கு உன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்கப் போறன். உனக்குச் சம்மதமா?"

"ஓம் வாப்பா."

"அல்ஹம்துலில்லாஹ்." மூவரும் திரும்பினார்கள்.

"வாப்பா, நான் எங்க கையெழுத்து வைக்கிற?"

ஹாஜியார் நின்று, திரும்பி, வாய்விட்டுச் சிரித்தார். பெரியவர்களும் சிரித்தார்கள். "உனக்கு ஏன் மகள் அந்தக் கரைச்சல்? காவின் பதிவு எழுத்துல பொம்புளக்கு இடமில்ல. உனக்குப் பொறுப்பான வலீ நான்தானே, உனக்காக நான் வைப்பன். நீ சந்தோசமா இரி." அவர் அன்பாகத்தான் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. படியில் அவர்கள் இறங்கும் சத்தம் கேட்டது.

நஜ்லா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு மருதோன்றி சிவந்த கையை நீட்டினாள்.

"அந்தத் தாளத் தாங்க ராத்தா."

"அவசரப்படாதீங்க மகள். நாளைக்கு ஆறுதலா யோசிச்சி..."

"நாளைக்கு எனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருத்தரும் வந்திருவாரு."

றம்ஸியா கைப்பையைத் திறந்தாள். தாளை எடுத்து, அலங்காரப் பெட்டியின் மூடிமேல் விரித்து, பேனையைக் கொடுத்தாள். நஜ்லா வளையல்களை மேலே தள்ளிவிட்டு எழுதினாள். கார் நின்ற இடம், கெப் வந்த பக்கம், போன், தான் கத்தியது எல்லாம் எழுதினாள். வாகனத்தை ஓடியவர் யார் என்ற இடத்தில் "என் வாப்பா" என்று எழுதி, பிறகு அதற்குப் பக்கத்தில் முழுப்பெயரையும் எழுதினாள்.  றம்ஸியா மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டாள். இத்தனை மணப்பெண்களை உடுத்திவிட்டிருக்கிறாள், ஒருத்தியாவது எதையாவது எழுதி அவள் பார்த்ததில்லை.

கீழே ஒலிபெருக்கியில் பதிவுகாரர் வலீயைக் கையெழுத்து வைக்க அழைத்தார். ஹாஜியார் மகளுக்காக வைத்தார். மேலே மகள் தாளின் அடியில் தன் பெயரை ஒரு எழுத்தும் குறையாமல் எழுதி, அதன்கீழ்க் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். அவளுடைய கல்யாண நாளில் அவள் வைத்த கையெழுத்து அது ஒன்றுதான்.